சுதந்திர தேவியின் இடது கை

ஜூலை 1, திங்கள்

இந்த டைரியை உரக்கடைக்காரர் ஜனவரியிலேயே கொடுத்தார். ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. என்னைப் போன்ற ஆள் பேனாவைத் திறப்பதென்றால் அதற்குத் தகுந்த சங்கதி நடக்க வேண்டாமா? இன்று நடந்துவிட்டது.

தென்காசிப் பொருட்காட்சியின் முகப்பு வேலை இந்த வருடம் எங்களுக்கு! எங்களுக்கு என்றால் என் அக்கா மகள் செண்பகவடிவுக்கு. அவளுக்கு என்றால் எனக்கு என்றுதான் அர்த்தம். நான் தாய்மாமன்.

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் அருவியில் குளித்த கூட்டம் ஈரத்தலையோடு பொருட்காட்சிக்குத்தான் வரும். கூட்டத்தை உள்ளே இழுப்பது முகப்பு. ஒரு வருடம் தாஜ்மகால் வைத்தார்கள், ஒரு வருடம் எகிப்து. இந்த வருடம் ‘அமெரிக்க நகரங்கள்’. வாசலில் நியூயார்க்கின் சுதந்திர தேவி. உள்ளே போனால் சான்பிரான்சிஸ்கோ பாலம், பிலடெல்பியாவின் விரிசல் விட்ட மணி, செயின்ட் லூயியின் வளைவு, கடைசியில் சிகாகோக்காரர்கள் நடுத்தெருவில் வைத்திருக்கும் அவரைக்கொட்டை. அமெரிக்காவில் ஒவ்வொன்றையும் பார்க்க விமானம் ஏற வேண்டும். இங்கே செருப்பைக் கழற்றாமல் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

பொருட்காட்சி உரிமையாளர் ரசூல் மைதீன் பாய் எல்லார் முன்னாலும் சொன்னார்:

“பிள்ளைக்கு அனுபவம் பத்தாது. ஆனா கூட அமெரிக்கா நிக்காரு. அந்தத் தைரியத்துல கொடுக்கேன்.”

அமெரிக்கா என்பது நான். பெயர் பால்வண்ணம். ஆனால் 2002-ல் நாற்பத்தோரு நாள் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து போஸ்ட்மேன்கூட அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அன்றைக்கு ஸ்டேஷனில் எனக்கு விழுந்த மாலையைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

பாய் ஒரு கண்டிஷனும் போட்டார். பத்தொன்பதாம் தேதி திறப்பு விழா. அவருடைய அண்ணன் மருமகள் டாக்டர் ஃபரீதா சிகாகோவிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறார். ரிப்பன் வெட்டுவது அவர்தான். அவர் பார்த்துவிட்டு அசல் மாதிரி இருக்கிறது என்று சொன்னால், இந்த சீசனில் மீதியுள்ள ஐந்து ஊர் முகப்பும் செண்பகத்துக்கு. முகம் சுளித்தால் பழையபடி மதுரை பார்ட்டிக்குப் போய்விடும்.

செண்பகத்தின் அப்பா, இதே தொழில் பார்த்த என் மச்சான், காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவள் கல்யாண மேடையும் பூ வளைவும் போட்டுக் காலம் தள்ளுகிறாள். பொம்பளைப் பிள்ளை சாரத்தில் ஏறுமா என்று கேட்டவர்கள் இப்போது வந்து பார்க்கட்டும்.

ஜூலை 3, புதன்

சுதந்திர தேவிக்கு ஸ்கெட்ச் போட்டேன். என்னிடம் 1986-ஆம் வருடத்துக் காலண்டர் ஒன்று இருக்கிறது, ஒரு தீப்பெட்டிக் கம்பெனி போட்டது. அதிலே தேவி இடது கையில் தீவட்டியைத் தூக்கிக்கொண்டு, வலது கையில் சிலேட்டை அணைத்துக்கொண்டு நிற்பாள். இந்த ஜில்லாவில் எங்கே சுதந்திர தேவி கட்அவுட் வைத்தாலும் அது இந்தக் காலண்டருக்குப் பிறந்த குழந்தைதான்.

உயரத்தில் தகராறு.

“மாமா, அம்பது அடி வேண்டாம். இந்தக் காத்துக்கு நிக்காது. நாப்பத்திரெண்டு போதும்.”

“ஏளா, நான் கீழ நின்னு அண்ணாந்து பாத்தவன். கழுத்து சுளுக்கி மூணு நாள் படுத்தேன். நாப்பத்திரெண்டு அடிக்கு எவனுக்குச் சுளுக்கும்?”

“யாருக்கும் சுளுக்க வேண்டாம் மாமா.”

நாற்பத்திரண்டு அடி என்று நான் தீர்மானித்தேன். பிளைவுட்டை வெட்டி இரும்புச் சட்டத்தில் அடித்து, பின்னால் கம்பி இழுத்துக் கட்டுவதென்றும் தீர்மானித்தேன். செண்பகம் ஏற்கெனவே அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள். பெரிய மனிதர்களுக்கு யோசனை ஒரே மாதிரி ஓடும்.

ஜூலை 5, வெள்ளி

இன்று பாலத்தில் சிரிப்பு. பெயிண்டர் கோமதிநாயகம் முப்பது வருடமாக எங்கள் குடும்பத்தோடு வேலை பார்ப்பவன். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு தூண் முழுக்கத் தங்க பெயிண்ட் மினுமினுக்கிறது.

“என்னவே இது?” என்றேன்.

“பேரு தங்க வாசல் பாலம்லா அண்ணாச்சி? நீங்கதான சொன்னீங்க, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தங்கப் பூச்சு பூசுவான்னு?”

நான் அப்படிச் சொல்லியிருக்கலாம். டீ குடிக்கும்போது பல விஷயம் சொல்வேன். செண்பகம் போனில் படம் எடுத்துக் காட்டினாள். பாலம் நல்ல செங்காவி.

“பேருல தங்கம். அடிக்கிறது காவியா? சாமியார் மடம் மாதிரில்லா இருக்கும்” என்று கோமதிநாயகம் தலையைச் சொறிந்தான்.

“மேல பெயிண்ட் அடிங்க சித்தப்பா. ரெண்டு கோட்டு” என்றாள் அவள்.

அடித்தார்கள். நான் ஆரம்பத்திலிருந்தே நினைத்த கலர் அதுதான்.

ஜூலை 8, திங்கள்

மணி வந்து இறங்கியது. அசல் வெண்கலம் மாதிரியே பூசிய ஃபைபர் மணி. விரிசல் போட ஒருவனும் துணியவில்லை.

“விரிஞ்ச மணிய வாசல்ல தொங்கவிட்டா வெளங்குமா? கோயில்ல மணி விரிஞ்சா அன்னைக்கே இறக்கிருவாங்க” என்றான் கோமதிநாயகம்.

“அந்த விரிசலப் பாக்கத்தான் அங்க சனம் வரிசையில நிக்கி, சித்தப்பா.”

“அடிச்சா சத்தம் வருமா?”

“வராது.”

“சத்தம் வராத மணிக்கு வரிசையா? கெட்டிக்காரனுவ.”

கடைசியில் செண்பகமே உளியை எடுத்து விரிசல் போட்டாள். கோமதிநாயகம் தன் மனத்திருப்திக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினான். அமெரிக்காவிலும் அப்படிக் கட்டியிருக்கிறார்கள், நான் பார்த்தேன் என்று சொன்னேன். எல்லாருக்கும் நிம்மதி.

சாயங்காலம் வேலைக்கு வந்த பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, சுதந்திர தேவியை நேரில் பார்த்த கதையைக் கேட்டார்கள். சொன்னேன். கடலோரம், கல் தளம், கால் வைக்க இடமில்லாமல் புறா. மனிதனைவிடப் புறாதான் அதிகம். பொட்டலம் பொட்டலமாகக் கடலை விற்கிறான். பெரிய கல் வளைவு ஒன்று. அங்கிருந்து படகு ஏறித் தீவுக்குப் போக வேண்டும். ரயிலில் மட்டும் ஏறிவிடக்கூடாது, வாசலில் கொத்தாகத் தொங்கிக்கொண்டு போவார்கள்.

“அமெரிக்காவுலயா தொங்கிட்டுப் போறாங்க?” என்றான் வெல்டிங் பையன்.

“பின்னே? எல்லார்ட்டயுமா காரு இருக்கும்?”

செண்பகம் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “வளைவு கல்லுல இருந்துச்சா மாமா?” என்று கேட்டாள்.

“சுத்தக் கல்லு. ஆனை போகலாம்.”

டேப்பை ஒரு தடவை விரித்து மறுபடி சுருட்டினாள்.

ஜூலை 10, புதன்

தேவிக்குக் கண் திறந்தேன்!

எங்கள் தொழிலில் எந்த உருவத்துக்கும் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவோம். சாமியோ சினிமாக்காரரோ, கண் எழுதும்போதுதான் உயிர் வருகிறது. வெற்றிலை பாக்கு, சூடம், பூசணிக்காய் எல்லாம் உண்டு. கண் திறந்த பிறகு அதில் ரம்பம் போடுவதோ சுரண்டுவதோ கிடையாது. சரியாகப் பார்த்தால் அவளை நிமிர்த்திக் கட்டிய பிறகுதான் திறக்க வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. படுக்க வைத்தபடியே முகத்தின்மேல் சாய்ந்து எழுதிவிட்டேன். என்ன பார்வை! கோமதிநாயகம் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பூசணிக்காயை நானே உடைத்தேன்; சிதறியதில் ஒரு துண்டு ரோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது.

மதியம் நிமிர்த்திக் கட்டினார்கள். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் ஒரு பக்கமாக வந்து எட்டிப் பார்த்ததில் பஸ் சாய்ந்துவிட்டது. கொஞ்சம்தான்.

ஜூலை 12, வெள்ளி

அவரைக்கொட்டை முடிந்தது. இதைப் பற்றி நான் பத்துப் பக்கம் எழுதலாம்.

சிகாகோவில் அது ஒரு வீடு அளவுக்குக் கண்ணாடி மாதிரி மின்னும் உலோகக் கொட்டை. ஊரும் வானமும் அதற்குள் தெரியும். செண்பகம் பாத்திரம் அடிக்கும் நான்கு பேரைக் கூட்டிவந்து, எவர்சில்வர் தகடுகளைத் தட்டித் தட்டி வளைத்து, கம்பி எலும்பின் மேல் போர்த்திவிட்டாள். மெருகு போட்டபோது வெயில் பட்டு எதிர்க்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். தட்டின இடமெல்லாம் லேசான பள்ளம். அதனால் ஒருவன் நின்றால் ஒன்பது பேர் தெரிகிறார்கள். எனக்கு ஒன்பது மீசை!

சாப்பாடு கொண்டுவந்த சாப்பாட்டுக்காரம்மா கொட்டையைப் பார்த்ததும் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு மல்லிகைப்பூவைச் சரிசெய்துகொண்டார். பூ வாங்கப் போகிறவர், பேப்பர் போடுகிறவர், பீட் போலீஸ்காரர், எல்லாரும் வந்து தலை சீவிவிட்டுப் போகிறார்கள். ஊருக்கே ஒரு முகக்கண்ணாடி வைத்த பெருமை எங்களுக்கு.

சந்தோஷத்தில் எல்லாருக்கும் பன் வாங்கிக் கொடுத்தேன். “அமெரிக்காவுல இதையே ரெண்டாப் பிளந்து உள்ள போண்டாவ வச்சு, பச்ச மொளகாயோட கொடுப்பான். நாப்பத்தோரு நாளும் அதுதான் எனக்கு” என்றேன்.

செண்பகம் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பசி இல்லை போலிருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

இன்று ஒரு சின்னக் கசப்பு. சின்னதுதான்.

திறப்பு விழா பேனருக்கு அசல் படம் ஒன்று வேண்டுமென்று பிரஸ்காரன் கேட்டிருக்கிறான். செண்பகம் போனில் தேடினாள். தேடினவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“மாமா, தீவட்டி வலது கையில இருக்கு.”

“எதுல?”

“எல்லாத்துலயும். இருவது படம் பாத்துட்டேன். நாம இடது கையில வச்சிருக்கோம்.”

“போன் படம் இடவலம் மாறித்தான் விழும். நீ செல்ஃபி எடுத்தா உன் மூக்குத்தி எந்தப் பக்கம் தெரியுது?”

“இது செல்ஃபி இல்ல மாமா. உங்க காலண்டர் படத்தைத்தான் மாத்தி அச்சடிச்சிருக்கான்.”

“அச்சடிச்சவன் மாத்துவான். நேர்ல பாத்தவன் மாத்துவானா?”

அவள் நேரே ரசூல் பாயிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். கிரேன் வேண்டும், வாசலை ஒரு நாள் மூட வேண்டும், கையை மாற்ற வேண்டும் என்றாள். பாய் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“வே அமெரிக்கா, நீரு என்ன சொல்லுதீரு?”

“நான் கீழ நின்னு பாத்தவன் பாய்.”

“முடிஞ்சு போச்சுலா? போம்மா, போய் வேலையப் பாரு. நேர்ல பாத்தவரு சொல்லுதாரு, நீ போனக் காட்டுதே.”

வெளியே வந்ததும் அவள் என்னிடம் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. “சரி மாமா” என்று சொல்லிவிட்டுப் பாலத்துக்கு விளக்கு மாட்டப் போய்விட்டாள். ஏணியில் ஏறும்போது ஒரு தடவை நின்று, அங்கிருந்தபடியே தேவியைப் பார்த்தாள்.

ஜெயித்தும் சோறு இறங்கவில்லை. பருப்பில் உப்பு ஜாஸ்தி.

ஜூலை 15, திங்கள்

வேலை நடக்கிறது. காற்று அதிகம்.

ஜூலை 16, செவ்வாய்

டாக்டர் ஃபரீதா நியூயார்க்கில்தான் படித்தாராம். ஐந்து வருடம். பாய் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “எங்க மருமவளுக்கு அந்தச் சிலை கண்ண மூடினா தெரியும். மதுரை பார்ட்டியையும் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கேன். வந்து பாக்கட்டும்.”

எனக்கு டீ சூடாக இருந்தது. பாதியில் வைத்துவிட்டேன்.

மதியம் செண்பகமும் நானும் வளைவின் நிழலில் சாப்பிட்டோம். செயின்ட் லூயி வளைவு. சோற்றுத்தட்டில் அதன் நிழல் பிறை மாதிரி விழுந்தது. அவள் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தாள்.

“போன வருசம் பம்பாய்க்கு ஒரு கல்யாண ஸ்டேஜ் போடப் போனேம்லா மாமா?”

“ம்.”

“ஒரு நாள் லீவு கெடச்சுது. கடற்கரைக்குப் போனேன். பெரிய கல் வளைவு. ஒரே புறா. கடலை விக்காங்க. தீவுக்குப் படகு போகுது. அங்க நின்னப்போ உங்களத்தான் நெனச்சேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான். அவ்வளவு பெரிய ஊர்ல தனியா நிக்கது கஷ்டமா இருந்துச்சு. நான் நாலு நாளுதான். நாப்பத்தோரு நாளுன்னா எப்படி இருந்திருக்கும்னு நெனச்சேன்.”

மோர் ஊற்றினாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பதில் சொல்லியிருப்பேன், என்னிடமா பதிலுக்குப் பஞ்சம்? கேட்காமல் மோர் ஊற்றுகிறவளிடம் என்ன சொல்வது?

ஒரு வருடமாகவா தெரியும்?

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. காலையில் குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு ரசூல் பாயின் தகர ஷெட்டுக்குப் போனேன்.

“என்ன அமெரிக்கா, மாப்பிள்ளை மாதிரி?”

“பாய், கையை மாத்தணும்.”

“நீருதானவே அது சரின்னீரு?”

“தப்பு.”

“எப்படித் தப்பு? நேர்ல பாத்தவரு நீரு.”

அதற்கு நான் சொன்ன ஒரு வாக்கியத்தை இங்கே எழுத வேண்டியதில்லை. டைரி நான்கு பேர் கையில் அகப்படக்கூடிய பொருள். பாய் மின்விசிறியை நிறுத்திவிட்டு, என் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“நாப்பத்தோரு நாளுமா?”

“நாப்பத்தோரு நாளும்.”

“பம்பாயிலயா?”

“தாராவியில. ஏஜென்டு பாஸ்போர்ட்டத் தூக்கிட்டுப் போயிட்டான். கடைகளுக்கு போர்டு எழுதி டிக்கெட்டுக்குச் சேத்தேன்.”

“அப்போ எங்க வாப்பாவுக்குக் கொடுத்தீரே, சாக்லேட்டு டின்னு?”

“அது அங்க கிராஃபோர்டு மார்க்கெட்டுல வாங்கினது.”

பாய் மேஜைமேல் இருந்த கணக்கு நோட்டை மூடி வைத்தார். “வாப்பா கடைசி வரைக்கும் அந்த டின்னுலதான்வே மாத்திரை வச்சிருந்தாரு. வாறவன் போறவன்ட்டல்லாம் காட்டுவாரு. பால்வண்ணம் எனக்குன்னு அமெரிக்காவுல இருந்து கொண்டாந்தாம்னு.”

“தெரியும் பாய்.”

“தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்தீரு?”

“ஸ்டேஷன்ல நாப்பது பேரு மாலையோட நின்னீங்க. முன்னால நின்னவரு உங்க வாப்பா. அந்த மாலைக்குள்ள தலைய விட்டதுக்கு அப்புறம் நான் என்னத்தச் சொல்ல?”

(மாலையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். அது சாதாரண மாலைதான்.)

பாய் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். போனை எடுத்து கிரேன்காரரிடம் பேசினார். “வெள்ளிக்கிழமை விடியக்காலை காத்து அடங்கியிருக்கும், அப்பத்தான் வருவானாம். அதுக்குள்ள முடிச்சிருங்க.” நான் வாசலுக்கு வந்தபோது கூப்பிட்டார்.

“பால்வண்ணம்.”

இருபத்திரண்டு வருடம் கழித்து என் பெயரைக் கேட்டு ஒரு விநாடி நான் திரும்பவே இல்லை.

“அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?”

“எனக்கு முன்னாலயே தெரியும்போல.”

அதே நாள், மதியம்

அடுத்த இடி. கோமதிநாயகம் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டான்.

“கண் திறந்த முகம் அண்ணாச்சி. நான் கையை அறுக்க மாட்டேன். நீங்களே சூடம் காட்டிட்டு, நீங்களே அறுக்கச் சொல்லுதீங்களே!”

மற்ற பிள்ளைகளும் பின்வாங்கினார்கள். எனக்கும் உள்ளுக்குள் மனசில்லை. ரிப்பன் வெட்ட இரண்டு நாள். செண்பகம் சிலையை ஒரு தடவை சுற்றி வந்தாள். பின்பக்கம் வெறும் இரும்புச் சட்டம். சட்டத்தின் சந்தில் கையை விட்டுப் பார்த்தாள். திரும்பினவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“மாமா, பின்னால இருந்து பாத்தா தீவட்டி எந்தக் கையில?”

எனக்குப் பொறி தட்டியது. பலகையில் வெட்டிய உருவம்தானே! பின்புறம் போய் நின்றால் இடம் வலமாகிறது!

“சட்டத்துக்குப் பின்பக்கமும் பிளைவுட் அடிப்போம். அதுல இன்னொரு முகம் எழுதுவோம். கிரேன்ல தூக்கி அப்படியே திருப்பி வச்சா ரோட்டப் பாத்து வலது கை. ஒருத்தரும் ஒண்ணையும் அறுக்க வேண்டாம்” என்றாள் செண்பகம்.

“கண் திறந்தவளத் திருப்பலாமா?” என்றான் கோமதிநாயகம்.

“தேரு ஒவ்வொரு முக்குலயும் திரும்பத்தான சித்தப்பா செய்யுது?”

அவன் ரம்பத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தான்.

ஜூலை 18, வியாழன்

உட்கார நேரமில்லை. சாரத்தில் பதினோரு பேர். மடிப்புச் சேலை மாதிரி தேவியின் உடுப்பு முழுவதும் கோமதிநாயகம் எழுதினான். கிரீடத்து ஏழு முள்ளும் சிலேட்டும் நான். வலது கை, வலது கை என்று செண்பகம் கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். “எனக்குத் தெரியாதாளா?” என்று ஒரு தடவை கத்தினேன். கீழே எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

சாயங்காலம் முகம் முடிந்தது. கண் மட்டும் பாக்கி. பிரஷ்ஷை எடுத்தேன். பிறகு செண்பகத்தை மேலே வரச் சொன்னேன்.

“நீ எழுது.”

“பழக்கம் இல்ல மாமா. அப்பா எழுதுவாங்க, நீங்க எழுதுவீங்க.”

“சிலை உன்னது. எனக்குக் கை நடுங்குது.”

கை நடுங்கவில்லை. என் கை மலை மாதிரி நிற்கும். அவள் எழுதினாள். முதல் கண்ணுக்கு மூச்சைப் பிடித்தாள். இரண்டாவது கண்ணைச் சிரித்துக்கொண்டே எழுதினாள். அதனால் இந்த முகத்துக்கு என் முகத்தைவிடக் கொஞ்சம் குறும்பு.

ஜூலை 19, வெள்ளி

விடியற்காலை ஐந்தரைக்குக் கிரேன் வந்தது. காற்று இல்லை. நாற்பத்திரண்டு அடித் தேவி தரையை விட்டு எழும்பி, தென்காசி வானத்தில் மெதுவாகத் திரும்பினாள். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கும்பிட்டார். பாதித் திருப்பத்தில் ஒரு கம்பி முறுக்கிக்கொண்டு சிலை ஆடியது. செண்பகம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள், நாங்கள் எல்லாரும் ஓடினோம், பாயும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கயிற்றைப் பிடித்தார். தேவி நின்றாள். வலது கையில் தீவட்டி!

சாயங்காலம் ஐந்து மணிக்கே ஊர் கூடிவிட்டது. ஐயாயிரம் பேர். சரி, ஆயிரம். டாக்டர் ஃபரீதா காரிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார். அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, “மாமா, சின்னதா இருக்கும்னு நெனச்சேன்!” என்று பாயிடம் சொன்னார்.

பாலத்தில் நடந்தார். விரிசலைத் தொட்டுப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அவரைக்கொட்டை முன்னால் வந்ததும் துப்பட்டாவைச் சரிசெய்தார். எங்கள் சாப்பாட்டுக்காரம்மா பக்கத்தில் நின்று கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“அங்கயும் இப்படித்தான். யாரும் கொட்டையப் பாக்க மாட்டாங்க. அவங்க அவங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க” என்றார் டாக்டர். “ஆனா எங்களுதுல ஒரு ஆளு ஒரு ஆளாத்தான் தெரியும். இதுல எனக்கு ஒம்பது பேரு துணைக்கு இருக்காங்க.”

திரும்பி வாசலைப் பார்த்தார். உள்ளேயிருந்து பார்த்தால் தெரிவது என் பழைய தேவி. இடது கை. மதுரை பார்ட்டியின் மேஸ்திரி அதைக் கண்டுவிட்டு, “என்னம்மா, கை மாறிருக்கு?” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

செண்பகம் பதறவில்லை. “வரும்போது வலது கையால கூப்பிடுதா. போகும்போது இடது கையால டாட்டா காட்டுதா. நியூயார்க்குல பின்னால போய் நின்னா முதுகு மட்டுந்தான் தெரியும். நம்ம ஊர்ல யாருக்கும் முதுகு காட்ட வேண்டாம்னு வச்சோம்.”

ஃபரீதா கைதட்டினார். பிறகு ஆயிரம் பேரும். ரசூல் பாய் மைக்கைப் பிடுங்கி, “சீசன் முழுக்க இந்தப் பிள்ளைதான்! அஞ்சு ஊரும்!” என்று அறிவித்தார். மதுரை மேஸ்திரி செண்பகத்திடம் போய், ரெண்டு பக்கத்துக்கும் எத்தனை தாள் பிளைவுட் ஆச்சு என்று விசாரித்தார். அவள் சொல்லவில்லை.

அப்போது அறிவிப்பாளர், பாவம் அவருக்கு ஒன்றும் தெரியாது, என்னை மேடைக்கு இழுத்தார். “நாற்பத்தோரு நாள் அமெரிக்காவில் தங்கி, அத்தனையையும் கண்ணால் கண்டு வந்த நமது அமெரிக்கா மாமா!” ஒரே விசில்.

டாக்டர் ஃபரீதா ஆசையாகக் கேட்டார்: “அப்படியா பெரியப்பா? எந்த ஊர்ல இருந்தீங்க?”

சிகாகோ என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் நின்றது. எதிரே செண்பகம். அவள் சரி என்றும் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் ஆட்டவில்லை.

“பம்பாய்” என்றேன் மைக்கில்.

மைதானமே வெடித்துச் சிரித்தது. “மாமா கிண்டலப் பாருவே!” என்று யாரோ கத்தினார்கள். ஃபரீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அமெரிக்கா, அமெரிக்கா என்று விசில். மறுபடி சொன்னேன், “நெசமாத்தான், பம்பாய்தான்.” இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். இத்தனை வருடம் சொன்ன கதையில் எதற்கும் இவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை.

சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் ரசூல் பாய். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்து, என் கையிலிருந்து மைக்கை வாங்கி அறிவிப்பாளரிடம் கொடுத்துவிட்டு, “வாங்க மாமா, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க” என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

நேற்று மட்டும் ஒன்பதாயிரம் டிக்கெட் என்றார் பாய். நான் ஒன்பதாயிரம் என்றே எழுதுகிறேன், கூட்டவில்லை.

அடுத்தது நாகர்கோவில். தலைப்பு லண்டன். செண்பகம் பெரிய தாளை விரித்துவைத்து, மணிக்கூண்டைப் பென்சிலால் கோடிழுத்துக்கொண்டே கேட்டாள்:

“லண்டன் போயிருக்கீங்களா மாமா?”

“இல்ல” என்றேன்.

பென்சில் ஒரு விநாடி நின்றது. பிறகு ஓடியது. கொஞ்ச நேரம் நானும் சும்மாதான் இருந்தேன். எவ்வளவு நேரம் ஒரு மனிதன் சும்மா இருப்பான்?

“ஆனா அந்தக் கடிகாரத்து முள்ளு ஒவ்வொண்ணும் தென்னமர நீளம் இருக்குமாம். பெரிய முள்ளு மேல எட்டுப் பேரு உக்காந்து சீட்டாடலாமாம்.”

“யாரு சொன்னா?”

“பம்பாயில ஒருத்தன் சொன்னான்.”

“எத்தன பேரு சீட்டாடலாம்?”

“எட்டு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“மூணு” என்றேன்.